ஊர்ச் சொத்து யார் பெயரில்?

ஆவடிப் பக்கம் மனைக்கு அட்வான்ஸ் கொடுத்த எவருக்கும் ஒரு கோப்பு கைக்கு வரும். தாய்ப்பத்திரம், 30 ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா, புலப்பட நகல், லேஅவுட் வரைபடம் எல்லாம் அதில் இருக்கும். வக்கீல் புரட்டிப் பார்த்து ‘டைட்டில் கிளியர்’ என்று சொன்னால் அடுத்த வாரம் பதிவு. ஆனால் இந்த மனை எந்த ஏரியின் ஆயக்கட்டில் இருந்தது, எந்த மதகிலிருந்து தண்ணீர் பாய்ந்தது, கலங்கல் வழிந்தால் வெள்ளம் எந்தப் பக்கம் போகும் என்பதை அந்தக் கோப்பில் எங்கு தேடினாலும் கிடைக்காது. இதே சீமையில் 250 ஆண்டுகளுக்கு முன் எழுதிய ஊர்க் கணக்குகள் அப்படி இல்லை. ஏரிக்கு எவ்வளவு, தோப்புக்கு எவ்வளவு, வீட்டுமனைக்கு எவ்வளவு, தரிசு எவ்வளவு, மானியம் எவ்வளவு என்று பிரித்துச் சொன்ன பிறகுதான் சாகுபடி நிலத்தின் கணக்கே முழுமையாகும்.

பருத்திப்பட்டு, கோவில்பதாகை, விளிஞ்சியம்பாக்கம், சேக்காடு, திருமுல்லைவாயில், மிட்டனமல்லி, தண்டுரை. இன்று பேருந்து நிறுத்தங்களாகவும் ஏரியாப் பெயர்களாகவும் நாம் உச்சரிக்கும் இவையெல்லாம் தனித்தனி ஊர்கள். ஒவ்வொன்றுக்கும் வயல் இருந்தது, களம் இருந்தது, மந்தைவெளி இருந்தது. அந்த ஊர்களில் சொத்து என்பது எப்படி இருந்தது, அது எப்படி சர்வே எண்ணாகச் சுருங்கியது, அந்த மாற்றத்தில் யாருக்குக் காகிதம் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

பங்கும் கரையும்

1763-ல் ஆற்காட்டு நவாப், சென்னையைச் சுற்றியிருந்த செங்கல்பட்டுச் சீமையை ஜாகீராகக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்தார். கைக்கு வந்த நிலத்தில் என்ன இருக்கிறது என்று கம்பெனிக்குத் தெரியவேண்டியிருந்தது. தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் 1767 முதல் 1774 வரை சுமார் 2,000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். ஊர்க் கணக்குப்பிள்ளைகள் ஓலையில் எழுதிவைத்திருந்ததுதான் அதற்கு ஆதாரம். அந்த ஓலைகளில் ஒரு பகுதி தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. காந்தியச் சிந்தனையாளர் தரம்பால் காட்டிய வழியில், சென்னையின் கொள்கை ஆய்வு மையத்தினர் அவற்றைப் படித்து வெளியுலகுக்குக் கொண்டுவந்தார்கள்.

அந்தக் கணக்குகளில் தெரியும் ஊர், நாம் சினிமாவில் பார்த்துப் பழகிய ஒற்றைப் பண்ணையார் ஊர் இல்லை. களத்தில் நெல் குவிந்ததும் அரசுப் பங்கு, உழுதவன் பங்கு என்று பிரிப்பதற்கு முன்பே கோயிலுக்கும், கணக்குப்பிள்ளைக்கும், தலையாரிக்கும், ஏரி மடை பார்ப்பவருக்கும், தச்சர், கொல்லர், நாவிதர், வண்ணார், வெட்டியானுக்கும் அளந்து போட்டுவிடுவார்கள். ஏரி பராமரிப்புக்கும் தனி ஒதுக்கீடு உண்டு. இவை தவிர, சிலருக்கு வரியில்லாத மானிய நிலமும் இருந்தது. ஒரே வயலின் மேல் பத்துப் பதினைந்து பேருக்கு உரிமை இருந்தது. எவருக்கும் அது முழுச் சொந்தம் இல்லை.

இந்த உரிமைகளின் உச்சியில் மிராசுதார்கள் இருந்தார்கள். ஊர் முழுவதும் பல பங்குகளாகக் கணக்கிடப்பட்டிருக்கும். ஒரு குடும்பத்துக்கு ஒரு பங்கோ, அரைப் பங்கோ, கால் பங்கோ இருக்கும். அதை விற்கலாம், அடமானம் வைக்கலாம். சென்னைக் கலெக்டராக இருந்த எஃப்.டபிள்யூ. எல்லிஸ், மிராசு உரிமை குறித்து அரசு கேட்ட 17 கேள்விகளுக்கு எழுதிய பதில் 1818-ல் அச்சானது. திருக்குறளில் ஊறிய அந்த எல்லிஸ்தான். அவர் இரண்டு முறைகளைப் பிரித்துக் காட்டுகிறார். ஒன்று பசுங்கரை: சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பங்கு வயல்களை மாற்றிப் போடும் கரையீடு நடக்கும், இன்றைக்கு மதகடியில் உழுபவர் அடுத்த சுற்றில் கடைமடைக்குப் போவார். மற்றது அறுதிக்கரை: பங்கை நிரந்தரமாக அறுத்துப் பிரித்துவிட்ட ஊர்.

கரையீடு நடந்த ஊரில் ஏரி எல்லோருடைய கவலையாகவும் இருந்திருக்கும் என்பதை ஊகிக்க அதிக அறிவு வேண்டாம். அடுத்த சுற்றில் கடைமடை நமக்கு விழலாம் என்று தெரிந்தவர், மதகடியில் இருக்கும்போது கடைமடைக்குப் போகும் வாய்க்காலை அடைக்கமாட்டார்.

மிராசுதார்கள் தங்கள் உரிமைக்கு ஆதாரமாகச் சொன்ன கதை ஆவடிக்காரர்களுக்கு அந்நியமானதில்லை. குறும்பர்களை வென்ற தொண்டைமான், காடு திருத்தி வேளாளர்களைக் குடியேற்றி அவர்களுக்குக் காணியாட்சி கொடுத்தான் என்பது அந்தக் கதை. திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயிலின் தலபுராணமும் அதே போரைத்தான் சொல்கிறது. யானையின் காலில் முல்லைக்கொடி சுற்றிக்கொள்ள, தொண்டைமான் வாளால் வெட்டியபோது அடியிலிருந்த லிங்கத்தில் பட்டது என்றும், குறும்பர் கோட்டையிலிருந்து கொண்டுவந்த வெள்ளெருக்குத் தூண்கள்தான் இன்றும் சன்னிதி முன் நிற்கின்றன என்றும் சொல்வார்கள். பக்தர்கள் கும்பிட்டுவிட்டுப் போகும் அந்தத் தூண்களுக்குப் பின்னால் இந்தச் சீமையின் முதல் நில உரிமைக் கதையும் நிற்கிறது. வென்றவர் சொன்ன கதை அது. குறும்பர்கள் தரப்புக் கதை எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

ஜாவாவின் வயல்களில்

கடல் தாண்டிப் பார்த்தால் இதே ஏற்பாடு இந்தோனேசியாவின் ஜாவா கிராமங்களிலும் இருந்திருக்கிறது. அங்கே ஊர் வயலில் பங்கு பெற்ற மூலக் குடும்பங்களுக்கு ‘கோகோல்’ என்று பெயர். ‘கோகோல் கிலிர்’ என்றால் வயல் முறைவைத்துச் சுற்றும். ‘கோகோல் தெதாப்’ என்றால் பங்கு நிலையாக ஒருவரிடமே இருக்கும். எல்லிஸ் விவரித்த பசுங்கரையையும் அறுதிக்கரையையும் அப்படியே எடுத்துவைத்ததுபோல் இருக்கிறது. ஊர்த் தலைவருக்கும் ஊர் ஊழியர்களுக்கும் சம்பளத்துக்குப் பதிலாக விடும் நிலம் ‘பெங்கோக்’. நம் மானியத்தின் நேர் உறவு. நிலத்தில் பங்கும் சொந்த மனையும் இல்லாமல், அடுத்தவர் கொல்லையில் ஒண்டிக் குடியிருந்தவர்களும் அங்கே இருந்தார்கள்.

1960-ல் இந்தோனேசியா அடிப்படை நிலச் சட்டம் கொண்டுவந்தது. நிலைப்பங்கு வைத்திருந்தவர்களுக்கு முழுச் சொத்துரிமை கிடைத்தது. முறைப்பங்கு வைத்திருந்தவர்களுக்குப் பயன்படுத்தும் உரிமை மட்டும்தான். பகிர்ந்து வாழ்ந்தவர்களுக்குச் சட்டத்தின் கண்ணில் மதிப்புக் குறைவு என்பதைத் தவிர இதற்கு வேறு பொருள் எனக்குத் தோன்றவில்லை.

அங்கே உட்பகுதிக் கிராமங்களில் பலரிடம் இன்னும் சொத்துப் பத்திரம் இல்லை. வரி கட்டிய பழைய ரசீதான ‘கிரிக்’, ஊராட்சி அலுவலகத்தின் பழைய பதிவேட்டுப் பக்கம், பக்கத்து வயல்காரரின் சாட்சி, இவைதான் அவர்கள் கையில் இருக்கும் ஆதாரம். 2017 முதல் நாடு முழுக்க மனைமனையாக அளந்து சான்றிதழ் கொடுக்கும் திட்டம் நடக்கிறது. 2021-ல் வந்த அரசாணை, பழைய வழக்கப்படியான ஆதாரங்களை ஐந்து ஆண்டுகளுக்குள் பதிவு செய்துவிட வேண்டும் என்று கெடு வைத்தது. தாத்தா காலத்து ரசீதைப் பெட்டியில் பத்திரப்படுத்தியிருக்கும் மலைக்கிராமத்து விவசாயிக்கு அந்தக் கெடு எப்படித் தெரியவந்திருக்கும்? நம் ஊரில் இதே போன்ற அளவை ஏற்கனவே வந்துபோனது. அதன் தழும்புகள் இன்னும் தாலுகா அலுவலகங்களில் தெரிகின்றன.

காகிதம் வந்த வழி

கம்பெனி அரசு பல முறைகளைப் பரிசோதித்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் ரயத்துவாரியில் நிலைத்தது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சங்கிலி பிடித்து அளந்து, கல் நட்டு, ஒவ்வொரு வயலுக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். வரி கட்டுபவர் பெயர் ஒரு பக்கம், அவர் நிலத்தின் எண் மறுபக்கம். இது பலருக்கு நன்மையாகவும் இருந்தது, அதை மறைக்கக் கூடாது. மிராசுதாரின் தயவில் உழுதுகொண்டிருந்த எத்தனையோ குடிகளுக்கு முதல்முறையாகத் தங்கள் பெயரில் பட்டா கிடைத்தது.

ஆனால் பதிவேட்டில் வரி கட்டுபவர் பெயருக்குத்தான் இடம் இருந்தது. களத்தில் அளந்து வாங்கிய மடைக்காரருக்கும் கொல்லருக்கும் அந்த வயலில் இருந்த உரிமையை எழுத அங்கே கட்டம் இல்லை. எவர் பெயரிலும் இல்லாத ஏரி, வாய்க்கால், மேய்க்கால், மந்தை, களம், சுடுகாடு எல்லாம் ‘புறம்போக்கு’ என்ற தலைப்பின் கீழ் அரசு நிலமாயின. ஊர் அதுவரை பொதுவாக ஆண்டு வந்தது, ஒரே எழுத்தில் அரசின் சொத்தானது. அதன் பிறகு, ‘கவர்ன்மென்ட் இடம்தானே’ என்று சொல்லிக்கொண்டு வேலியை நகர்த்துபவருக்கு ஊரில் பதில் சொல்ல ஆள் இல்லை.

1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு, பகுதிநேரக் கர்ணம், முன்சீப் பதவிகளை ஒழித்தது. உச்ச நீதிமன்றமும் 1982-ல் அதைச் சரி என்றது. அந்தப் பதவிகளை ஒழித்தது நியாயம்தான்; ஒரே குடும்பம் ஊரின் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு செய்த கொடுமைகளை மறந்துவிட முடியாது. ஆனால் அந்தக் குடும்பங்களின் பரண்களில் கிடந்த ஊர்ப் பழங்கணக்கும், எந்தக் கால்வாய் எங்கே திரும்புகிறது என்ற அறிவும் பல இடங்களில் முழுமையாகப் புதிய கிராம நிர்வாக அலுவலர் கைக்கு வந்து சேரவில்லை.

அதே காலத்தில், 1979 முதல் 1987 வரை, நிலவுடைமைப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் பெரும் பணி நடந்தது. ‘யு.டி.ஆர்.’ என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வட்டாரத்தில் நிலத்தகராறு இருக்கும் குடும்பத்தில் போய் உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் இந்த மூன்று எழுத்து காதில் விழும். மூத்த அண்ணன் பெயர் மட்டும் ஏறியது, தம்பி பங்கு விட்டுப்போனது, உட்பிரிவு மாறியது, பக்கத்துக்காரர் பெயரில் கால் ஏக்கர் போனது. திருத்தம் கேட்டு மனு போட்டவர்கள் ஆண்டுக்கணக்கில் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடக்கிறார்கள். 1985 வாக்கில் ஒரு கணக்கர் அவசரத்தில் எழுதிய ஒரு வரி, நாற்பது ஆண்டு கழித்தும் கல்யாணச் செலவுக்கு நிலம் விற்க முடியாமல் ஒரு குடும்பத்தைக் கட்டிப்போடுகிறது.

அந்தப் பதிவேட்டில் பெண் பெயர் தேடுபவர்கள் களைத்துப்போவார்கள். 1989 மார்ச் 25 முதல் தமிழ்நாடு, மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம உரிமை கொடுத்தது. ஆனால் அன்றைக்கு மணமாகியிருந்தவர்களை வெளியே நிறுத்தியது. 2005-ல் வந்த மத்தியச் சட்டத்தில்தான் அந்தக் கதவு திறந்தது. சட்டம் திறந்த கதவை ‘விடுதலைப் பத்திரம்’ மூடுகிறது. நிலத்துக்கு லே அவுட்காரர் விலை பேசியதும் அக்கா தங்கைகளை அழைத்துக் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். அண்ணன் உறவு அறுந்துவிடுமோ என்ற பயத்தில்தான் பெரும்பாலும் அந்தக் கையெழுத்து விழுகிறது. மேற்குச் சுமத்ராவின் மினாங்கபாவ் ஊர்களில் பூர்வீக வயல் தாயிடமிருந்து மகளுக்குப் போகிறது. தாய்மாமன் அதற்குக் காவலர் மட்டுமே. அவர்கள் பக்தியுள்ள முஸ்லிம்கள். மதமோ மரபோ பெண்ணுக்கு நிலம் கொடுக்கத் தடை என்று சொல்பவர்கள் அங்கே ஒருமுறை திரும்பிப் பார்க்கலாம்.

சேரியின் மனை

பழைய ஊரைப் பொன்னாக வரைவது பொய்யாகிவிடும். களத்தில் பங்கு அளந்த அதே ஊரில்தான் தலித் மக்கள் படியாட்களாகக் கட்டுண்டு கிடந்தார்கள். செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த ட்ரெமன்ஹீர் 1891-ல் அரசுக்குக் கொடுத்த அறிக்கை இதைக் கண்ணில் குத்துவதுபோல் எழுதுகிறது. தரிசு நிலம் கேட்டு ஒரு தலித் மனுப் போட்டால் மிராசுதாருக்குத்தான் முதல் உரிமை. அதைவிடக் கொடுமை, அவர்கள் குடிசை போட்டிருந்த மனையே தங்களுடையது என்று மிராசுதார்கள் சொன்னதுதான். கூலி கூடக் கேட்டால் ‘இடத்தைக் காலி பண்ணு’ என்ற ஒரு சொல் போதும்.

அந்த அறிக்கையின் விளைவாக 1892-ல் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்க ஆணை வந்தது. பஞ்சமி நிலம் என்று இன்று சொல்கிறோமே, அதன் வேர் இந்தச் செங்கல்பட்டுச் சீமைதான். பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம் என்ற நிபந்தனைகள் எழுதப்பட்டன. எழுதியது காகிதத்தில் இருக்க, நிலம் கைமாறியது. 1994 அக்டோபரில் மாமல்லபுரம் அருகே காரணையின் பஞ்சமி நிலத்தை மீட்கக் கேட்டுப் போராடியவர்கள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் உயிரிழந்தார்கள். நூறு ஆண்டுக்கு முன் அரசே கொடுத்த நிலத்தைக் கேட்டதற்கு இந்த விலை.

சென்னையின் மேற்குப் புறநகரில் மனை விலை ஏற ஏற, ஊர் நிலங்களைப் பட்டியலிடும் பழைய அ-பதிவேட்டில் ‘டி.சி.’ (ஒடுக்கப்பட்ட வகுப்பார்) என்ற குறிப்போடு இருந்த நிலங்கள் எங்கே போயின என்ற கேள்வி கூடுதல் அவசரமாகிறது. ஊர்வாரியாக அந்தப் பட்டியலை அரசு வெளியிட வேண்டும். இதில் இரண்டாவது கருத்துக்கு இடமே இல்லை.

ஆவடித் தீர்மானமும் ஆவடி நிலமும்

1955 ஜனவரியில் யு.என். தேபர் தலைமையில் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு நடந்தது. உற்பத்திச் சாதனங்களில் முக்கியமானவை சமூகத்தின் உடைமையாகவோ கட்டுப்பாட்டிலோ இருக்கும் ‘சோஷலிச பாணிச் சமுதாயம்’ வேண்டும் என்ற தீர்மானம் இந்த மண்ணில்தான் நிறைவேறியது. பிறகு 1961-ல் தமிழக நில உச்சவரம்புச் சட்டம் ஒரு குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் என்று வரம்பு கட்டியது. 1970-ல் அது 15 ஆனது.

அந்தத் தீர்மானத்தின் வெளிச்சத்தில் ஆவடிக்குக் கனரகத் தொழில் வந்தது உண்மை. இரண்டாம் உலகப் போரின்போதே ராணுவக் கிடங்குகளுக்காக இங்கே பரந்த நிலம் எடுக்கப்பட்டிருந்தது. 1961-ல் கனரக வாகனத் தொழிற்சாலை தொடங்கி, 1965-ல் முதல் விஜயந்தா டாங்க் வெளியே வந்தது. பல்லாயிரம் குடும்பங்கள் தலைநிமிர்ந்தன. உழவர் பிள்ளைகள் டர்னராகவும் ஃபிட்டராகவும் ஆனார்கள். வயலை விட்டவர்களின் அடுத்த தலைமுறைக்கு மாதச் சம்பளம் வந்தது என்பதை நிலம் பற்றிப் பேசும் எவரும் மறக்கலாகாது.

தொழிற்சாலை வந்ததும் வீடு வேண்டும். வயல் மனையாகத் தொடங்கியது. விளம்பரம் சொல்லும் ‘ஒரு கிரவுண்டு’ 2,400 சதுர அடி. செங்கல்பட்டுச் சீமையின் பழைய ‘மனை’யும் அதே அளவுதான், 24 மனை ஒரு காணி. ஒரு காணி நெல் வயலை 24 மனையாகப் போட்டு விற்கலாம் என்பதை இடைத்தரகர் கண்டுபிடிக்கத் தேவையே இருக்கவில்லை, கணக்கே அப்படித்தான் இருந்தது. ஆனால் ரோடு விட வேண்டும் என்பதால் வாய்க்காலின் மேல் கண் போனது.

1978-ல் நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டம் வந்தது, 1999-ல் ரத்தானது. இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் உபரி என்று அறிவிக்கப்பட்ட நிலத்தை விவரம் தெரியாமல் வாங்கியவர்கள் இந்தப் பக்கம் ஏராளம். பிறகு 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை போட்டது. அரசு 2017-ல் வரன்முறை விதிகள் கொண்டுவந்து, 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற மனைகளுக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு ஒழுங்குபடுத்தியது. சீட்டுப் போட்டு, தாலி அடகு வைத்து ஒரு கிரவுண்டு வாங்கியவருக்கு அது நிம்மதி. அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. அவர் மனையின் அடியில் புதைந்த வாய்க்காலுக்கு மட்டும் எந்த வரன்முறையும் இல்லை.

ஏரிக்கு ஆள் இல்லை

ஏரி ஏன் சாகிறது என்பதற்கு ஆக்கிரமிப்பு என்ற ஒரே பதிலைச் சொல்லிப் பழகிவிட்டோம். ஆக்கிரமிப்புக்கு முன்பே ஒன்று நடந்துவிடுகிறது. ஆயக்கட்டு மனையானதும் அந்தத் தண்ணீர் தேவைப்படும் ஆள் ஊரில் இல்லாமல் போகிறார். மதகு தூர்ந்தால் சண்டைக்கு வர ஒருவரும் இல்லை. வரத்துக்கால் அடைபட்டால் மண்வெட்டியோடு நிற்க ஒருவரும் இல்லை. உரிமையும் உழைப்பும் ஒன்றாக இருந்த இடத்தில் இரண்டும் போய், ஏரி வெறும் பள்ளமாகிறது. பிறகு கழிவுநீர் வருகிறது, கட்டடக் குப்பை வருகிறது, கடைசியாகத்தான் குடிசையும் கட்டடமும் வருகின்றன.

பருத்திப்பட்டு ஏரியைச் சீரமைத்து, நடைபாதை போட்டு 2019-ல் திறந்தார்கள். ஆவடி மாநகராட்சியானதும் அதே ஆண்டுதான். காலையில் நடப்பவர்களும் பறவை பார்ப்பவர்களும் அங்கே வருகிறார்கள். மனதுக்கு இதமான காட்சி, செய்தவர்களுக்கு நன்றி. ஆனால் ஏரி என்பது கரைக்குள் இருக்கும் தண்ணீர் மட்டும் இல்லை. அதற்கு நீர் கொண்டுவரும் கால்களும், கூவத்துக்கு உபரியைக் கொண்டுபோகும் கால்களும் சேர்ந்ததுதான் ஏரி. 2015-லும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் இந்த வட்டாரத்துத் தெருக்களில் இடுப்பளவு நின்ற தண்ணீர், தன் பழைய வழியைத் தேடி நின்ற தண்ணீர்தான்.

சட்டம் இல்லாமல் இல்லை. ஏரிகளைப் பாதுகாத்து ஆக்கிரமிப்பை அகற்றும் தமிழ்நாட்டுச் சட்டம் 2007-லேயே வந்தது. பஞ்சாப் வழக்கொன்றில் 2011-ல் உச்ச நீதிமன்றம், ஊர்ப் பொது நிலங்களை மீட்டு ஊர் மக்களுக்கே திருப்பித் தரத் திட்டம் வகுக்க வேண்டும் என்று எல்லா மாநிலங்களுக்கும் சொன்னது. இந்தோனேசியாவிலும் 2013-ல் அரசியல் சாசன நீதிமன்றம், மரபுச் சமூகங்களின் காடு அரசுக் காடு ஆகாது என்று தீர்ப்பளித்தது. ஊருக்கென்று ஒரு சொத்து உண்டு, அது தனியாருடையதும் இல்லை, அரசு நினைத்தபடி எடுத்துக் கொடுப்பதும் இல்லை என்பதை இரண்டு நாட்டு நீதிமன்றங்களும் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. பதிவேடுகள்தான் இன்னும் ஏற்கவில்லை.

ஆவடிக்கு வடக்கே வெள்ளானூர், மோரை பக்கம் இன்னும் ஊராட்சிகள் இருக்கின்றன. 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம் மேய்ச்சல் நிலம், களம், மந்தை, வண்டிப்பேட்டை, சுடுகாடு, தோப்பு ஆகிய புறம்போக்குகளை ஊராட்சியின் பொறுப்பில் விட்டிருக்கிறது. குடியரசு நாள், தண்ணீர் நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி ஜெயந்தி, உள்ளாட்சி நாள் என ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அந்தக் கூட்டத்தில் கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டைக் கேட்டு, புறம்போக்கு சர்வே எண்களை உரக்கப் படிக்கச் சொல்லித் தீர்மானத்தில் ஏற்றலாம். ஏரிக்கு எத்தனை ஏக்கர், எந்தெந்த எண்ணில் வாய்க்கால், மேய்க்கால் எங்கே, பஞ்சமி நிலம் எது என்பவை அதில் வரும். படித்து முடித்ததும் வரைபடத்தோடு ஊரே நடந்துபோய்க் கல்லைப் பார்க்கலாம். கல் இல்லாத இடத்தில் சர்வேயரைக் கேட்டு அளக்கச் சொல்லலாம். கோரிக்கை எழுத்தில் இருந்தால் அலுவலகம் பதில் எழுதித்தான் ஆக வேண்டும்.

நகரம் வளர்கிறது, இன்று ஊராட்சி, நாளை மாநகராட்சி வார்டு. சேர்ந்துவிட்ட பிறகு அந்த இடத்தில் கிராம சபைக் கூட்டம் நடக்காது. பட்டியலைப் படிக்கக் கேட்பதற்கான அவை கலைந்துவிடும். ஆகவே வெள்ளானூரிலும் மோரையிலும் அது போன்ற மற்ற ஊர்களிலும் இருப்பவர்கள் அடுத்து வரும் கிராம சபைக்கே அந்தப் பதிவேட்டைக் கேட்டு மனு எழுதிக்கொண்டு போக வேண்டும்.